அவசரத் தொடர்பு என்ற கட்டத்தில் யார் பெயரை எழுதுவது?

கேள்வி: எனக்கு வயது 25. வேலைக்காக வீட்டை விட்டு வந்து ஏழு மாதம் ஆகிறது. ஆசைப்பட்டுப் படித்த துறை, போராடி வாங்கிய வேலை. அலுவலகத்தில் யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை, நன்றாகவே பழகுகிறார்கள். ஆனால் சாயங்காலம் கணினியை மூடியதும் எனக்கென்று இந்த ஊரில் யாருமே இல்லை. சென்ற மாதம் இரண்டு நாள் காய்ச்சல். செல்போனில் 300 பேருக்கு மேல் இருக்கிறார்கள். மேலிருந்து கீழ்வரை தள்ளிப் பார்த்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அதே வாரம் அலுவலகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். 'அவசரத் தொடர்பு: இதே ஊரில் வசிப்பவர்' என்று ஒரு கட்டம். அதை வெறுமையாகவே விட்டுக் கொடுத்தேன். கல்லூரியில் நாங்கள் ஆறு பேர் உயிர்த்தோழிகள். இப்போது அவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பேசுவதைப் படிக்கிறேன், பதில் போட ஒன்றும் தோன்றுவதில்லை. பக்கத்து இருக்கையில் இருக்கும் அக்கா சனிக்கிழமை காலை நடைக்கு வரச் சொல்லி இரண்டு முறை கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார், நாம் போய் ஏன் தொந்தரவு கொடுக்க வேண்டும் என்று 'அடுத்த வாரம் வரேன்க்கா' என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். அம்மாவிடம் தினமும் 'நல்லா இருக்கேன்' என்கிறேன். நட்பு பிடிக்கும் திறமையே எனக்குப் போய்விட்டதா? வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கே போய்விடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

திறமை எங்கும் போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இன்னும் கொஞ்சம் கறாராகச் சொன்னால், கல்லூரியிலும் உங்களிடம் அப்படி ஒரு தனித் திறமை இருந்திருக்காது. அங்கே நட்பை உங்களுக்காக வேறொருவர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். ஒரே பெஞ்சு, ஒரே விடுதி, ஒரே தேர்வுப் பயம். காலையில் எழுந்து போனாலே போதும், பார்த்த முகத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தாக வேண்டும். வேலைக்கு வந்த அன்றே அந்த ஏற்பாடு கலைந்துவிட்டது. இனி நீங்களே அதைச் செய்துகொள்ள வேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்வதில்லை என்பதுதான் இதில் கொடுமை.

நாம் வளர்ந்த விதமும் இதற்கு ஒரு காரணம். நேரில் பார்க்காமலே உயிர் நண்பர்களான கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதையைச் சிறுவயதிலேயே கேட்டுவிடுகிறோம். மனம் ஒத்துப்போனால் போதும், நட்பு தானாக வரும் என்று ஒரு நினைப்பு உள்ளே ஊறிவிடுகிறது. அது மிகப் பெரிய கதைதான். ஆனால் அந்த இரண்டு பேருக்கு நடந்ததை வைத்து நாம் எல்லோரும் கணக்குப் போடக் கூடாது. மற்றவர்களுக்கு நட்பு என்பது பெரும்பாலும் நேரம்தான். அதிலும், கூடவே உட்கார்ந்து வீணாக்கிய நேரம்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஹால் என்ற பேராசிரியர், 2018இல் வெளியான ஆய்வு ஒன்றில், புது இடத்துக்குக் குடிபெயர்ந்தவர்களையும் புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் கேட்டுக் கணக்கெடுத்தார். தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரம். நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90 மணி நேரம். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல். துல்லியமான தராசு என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் உங்கள் நிலைமைக்கு இதை வைத்து ஒரு மனக்கணக்குப் போட்டுப் பாருங்கள். விடுதித் தோழியோடு நாளுக்கு ஆறு மணி நேரம் இருந்திருப்பீர்களா? அப்படியென்றால் ஐந்தே வாரத்தில் 200 மணி நேரம் முடிந்துவிடும். அதனால்தான் முதல் பருவம் முடிவதற்குள் ஆறு பேர் 'உயிர்' ஆகிவிட்டீர்கள். இப்போது ஒருவரை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் பார்த்தால் அதே 200க்கு 100 வாரம் வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு வருடம். நீங்கள் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அதில் ஒரு மணி நேரம்கூட அந்தக் கணக்கில் இன்னும் வரவு வைக்கப்படவில்லை.

'அலுவலகத்தில் நாள் முழுக்கச் சேர்ந்துதானே இருக்கிறோம், அது கணக்கில் வராதா?' என்று கேட்பீர்கள். இந்த இடம்தான் உங்கள் கடிதத்துக்கு மிக முக்கியமானது. அதே ஆய்வில் கண்ட இன்னொரு விஷயம்: சேர்ந்து வேலை செய்த நேரம், நெருக்கத்தைக் கூட்டுவதில் அவ்வளவாக உதவவில்லை. யோசித்தால் ஆச்சரியமில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவர் அங்கே இருப்பது சம்பளத்துக்காக. உங்களைப் பிடித்ததால் அவர் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை, நீங்களும் அப்படித்தான். எட்டு மணி நேரம் தோளோடு தோள் உரசினாலும், 'இவர் என்னைத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்' என்ற செய்தி அதில் இல்லை. அலுவலகம் முடிந்த பிறகு, வர வேண்டிய அவசியமே இல்லாத ஒரு சனிக்கிழமை காலையில், தூக்கத்தை விட்டுவிட்டு ஒருவர் வந்து நிற்கும்போதுதான் அந்தச் செய்தி போய்ச் சேர்கிறது. ஆள் அதே ஆள்தான். இடம் மாறியதும் உறவின் பெயரும் மாறத் தொடங்குகிறது.

அதனால் புது ஆட்களைத் தேடி ஊர் முழுக்க அலைய வேண்டாம். இருக்கிற ஆட்களில் ஒருவரை, வேலை இல்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிப் போங்கள். அல்லது அவர் கூப்பிடும்போது போங்கள். அந்த அக்கா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்!

பேச்சும் மாற வேண்டும். வானிலை, வேலை, போக்குவரத்து என்று மேம்போக்காகவே பேசிக்கொண்டிருப்பவர்கள் நெருங்குவதில்லை என்றும் ஹால் பார்த்திருக்கிறார். கேலி பேசுவது, 'அன்னைக்குச் சொன்னீங்களே, அது என்னாச்சு?' என்று விட்ட இடத்திலிருந்து கேட்பது, மனதில் இருப்பதைக் கொஞ்சம் சொல்வது, இவையெல்லாம்தான் நெருக்கம் சேர்க்கின்றன. இந்த 'அது என்னாச்சு' என்ற இரண்டு சொற்களுக்கு என் அனுபவத்தில் பெரிய மதிப்பு உண்டு. ஒருவர் போகிறபோக்கில் சொன்ன சின்ன விஷயத்தை இன்னொருவர் ஒரு வாரம் மனதில் வைத்திருந்து கேட்டால், கேட்கப்பட்டவர் ஒரு நொடி நின்று உங்களைப் பார்ப்பார். கவனித்துப் பாருங்கள்.

அடுத்து அந்த 'தொந்தரவு'. மரியாதைக்குக் கேட்கிறார் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? மரியாதைக்குக் கேட்பவர்கள் ஒரு முறைதான் கேட்பார்கள். நீங்கள் தட்டிக்கழித்ததும் 'அப்பாடா' என்று விட்டுவிடுவார்கள். இரண்டாம் முறை கேட்க ஒருவருக்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், ஏனென்றால் ஏற்கெனவே ஒரு முறை 'இல்லை' என்று கேட்டாகிவிட்டது. உங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் நீங்கள் அவருக்குத் தொந்தரவு. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால், 'இந்தப் பெண்ணுக்கு என்னோடு வர இஷ்டமில்லை போல'. இரண்டு பேரும் நல்லவர்கள், இரண்டு பேரும் ஒதுங்குகிறீர்கள்.

இப்படி நினைப்பது உங்களுக்கு மட்டும் உள்ள குறையும் இல்லை. எரிக்கா பூத்பி என்ற உளவியலாளரும் அவரது சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், முன்பின் அறியாதவர்களைப் பேச வைத்துவிட்டு, 'அவரை உங்களுக்கு எவ்வளவு பிடித்தது, உங்களை அவருக்கு எவ்வளவு பிடித்திருக்கும்?' என்று இருவரையும் தனித்தனியே கேட்டார்கள். தன்னை மற்றவருக்கு எவ்வளவு பிடித்தது என்பதை மக்கள் பொதுவாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். கல்லூரி விடுதியில் புதிதாகச் சேர்ந்து தங்கியவர்களிடம் இந்த இடைவெளி மாதக்கணக்கில் நீடித்ததாம். பேசி முடித்ததும் நமக்குள்ளே ஒரு குரல், 'அதைச் சொல்லியிருக்கக் கூடாது, அசட்டுத்தனமாகச் சிரித்தோம்' என்று குற்றப்பத்திரிகை வாசிக்கிறது. எதிரே இருந்தவருக்கு அந்தக் குரல் கேட்பதில்லை. அவர் தன் குற்றப்பத்திரிகையை வாசித்துக்கொண்டிருக்கிறார்.

தனிமை நீண்டால் இந்தக் குரல் இன்னும் சத்தமாகிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தனிமையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜான் கசியோப்போ, அதைப் பசி, தாகம் போன்ற ஓர் உடல் சமிக்ஞையாகப் பார்த்தார். பசி சாப்பிடச் சொல்கிறது, தனிமை ஆட்களிடம் போகச் சொல்கிறது. ஆனால் தனிமைக்கு ஒரு கோணல் புத்தி உண்டு. நாள்பட்டால், எங்கே நம்மை ஒதுக்குகிறார்கள், யார் முகம் சுருங்குகிறது என்று மனம் துப்பறியத் தொடங்கிவிடும். சாதாரண அழைப்பும் மரியாதைக்கான அழைப்பாகத் தெரியும். ஆக, 'எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது' என்பதை இப்போதைக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். முதல் வேலைக்காக நான் வீட்டை விட்டு வந்தபோது ஒரு மாடியில் தனி அறை. பக்கத்து அறையில் ஒரு பெண் இருந்தாள். நான்கு மாதம் நாங்கள் தலையாட்டிக்கொண்டதோடு சரி. ஒரு நாள் வேலையிலிருந்து திரும்பி வரும் வழியில் நல்ல மழை. காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட்டது ஞாபகம் வந்து, நனைந்தபடி படியேறினேன். என் அறைக் கதவின் கொண்டியில் ஒரு துணிப்பை தொங்கியது. உள்ளே என் துணியெல்லாம் மடித்து வைத்திருந்தது. நன்றி சொல்லலாம் என்று அவள் கதவைத் தட்டினால், முதல் வார்த்தையாக, 'அந்த நீலச் சட்டையில ரெண்டாவது பட்டன் இல்ல. என்கிட்ட அதே மாதிரி ஒண்ணு இருக்கு, தைச்சுத் தரவா?' என்றாள். அன்று இரவு அவள் தைத்துக்கொண்டிருக்க நான் பேசிக்கொண்டிருந்தேன். எதைப் பற்றிப் பேசினோம் என்று சுத்தமாக நினைவில்லை. ஊசியில் நூல் கோக்க வராமல் அவள் மூன்று முறை நூலை நாக்கில் நனைத்தது மட்டும் நினைவிருக்கிறது. 28 வருடம் ஆகிறது, இன்றும் எதுவென்றாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுகிறேன். பின்னாளில் ஒரு முறை கேட்டேன், அதுவரை ஏன் பேசவில்லை என்று. 'நீ ரொம்ப பிஸியானவன்னு நினைச்சேன்' என்றாள். நான் அந்த நான்கு மாதமும் அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்து அறை என்பது சும்மா தற்செயல் இல்லை. 1950இல் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் செய்த ஆய்வை வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பர் என்று கேட்டபோது, ஒரே தளத்தில் அடுத்த வீட்டுக்காரரோடு நட்பாவதற்கான வாய்ப்பு 41 சதவீதம், தளத்தின் இரு கோடியில் இருப்பவர்களுக்கு வெறும் 10 சதவீதம். இத்தனைக்கும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நூறு அடிகூடத் தூரம் இல்லை. மாடிப்படிக்குப் பக்கத்தில் வீடு அமைந்தவர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் கிடைத்திருந்தார்கள். குணத்தைப் பார்த்து யாரும் படிக்கட்டுப் பக்கம் குடிவைக்கவில்லை. எதிரெதிரே வர நேர்ந்தது, அவ்வளவுதான்.

எனவே 'என் ரசனைக்கு ஒத்த ஆள்' யாரென்று தேடுவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். ஒரே ஆட்களை வாராவாரம் எதிரெதிரே பார்க்க நேரும் ஓர் இடத்தில் போய் நில்லுங்கள். ஒரு வகுப்பு, ஒரு விளையாட்டு, ஒரு நூலகம், தன்னார்வ வேலை, எதுவாகவும் இருக்கட்டும். என் நிபந்தனை ஒன்றே ஒன்று: அது ஒரு நாள் நிகழ்ச்சியாக இருக்கக் கூடாது. ஐம்பது பேர் கூடி, பெயர் சொல்லி, கைகுலுக்கிக் கலைகிற கூட்டங்களால் செல்போனில் பெயர்கள்தான் கூடும். அதுதான் உங்களிடம் ஏற்கெனவே 300 இருக்கிறதே. நான்கு பேர் வந்தாலும் அதே நான்கு பேர் மறுவாரமும் வர வேண்டும். முதல் மூன்று, நான்கு வாரம் ஒட்டாது. 'இது நமக்குச் சரிப்படாது' என்று பெரும்பாலானவர்கள் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள்.

பழைய தோழிகளைப் பற்றி. நீங்கள் மாறிவிட்டீர்களோ, அவர்கள் மறந்துவிட்டார்களோ என்றெல்லாம் குழம்ப வேண்டாம். பள்ளியை விட்டுக் கல்லூரிக்கோ வேலைக்கோ போன இளைஞர்களை 18 மாதம் தொடர்ந்து கவனித்த ராபின் டன்பார் குழுவினர், தொடர்பு குறைந்தாலும் குடும்ப உறவு பெரிதாகத் தளர்வதில்லை, நட்பு மட்டும் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். நட்புக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஆறு பேர் பேசும் குழுவில் வாசகராக இருப்பது தண்ணீர் ஊற்றுவதாகாது. அதிலிருந்து இரண்டு பேரைத் தேர்ந்தெடுங்கள். அவர்களைத் தனியாக, குரலில் கூப்பிடுங்கள். காய்ச்சல் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். மற்ற மூன்று பேரோடு உறவு மெலிந்தால் மெலியட்டும். இப்படிச் சொல்வது உங்களுக்குக் கடுமையாகப் படலாம், ஆனால் எல்லோரையும் பிடித்து வைக்கப் பார்த்து ஒருவரும் மிஞ்சாமல் போனவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அம்மாவிடம் சொல்லும் 'நல்லா இருக்கேன்' எனக்கு உறுத்துகிறது. தனிமையில் இரண்டு வகை உண்டு என்று 1973லேயே ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் எழுதினார். உயிருக்கு நெருக்கமான ஒருவர் இல்லாத தனிமை ஒன்று, கூடிப் பழக ஒரு வட்டம் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றின் குறையை மற்றது தீர்ப்பதில்லை. அம்மாவிடம் தினமும் ஒரு மணி நேரம் பேசினாலும், அந்த ஊரில் உங்களோடு நடந்து வர ஓர் ஆள் இல்லாத குறை அப்படியேதான் இருக்கும். அதற்காக அம்மாவையோ உங்களையோ நொந்துகொள்ள வேண்டாம். பொய்யை மட்டும் நிறுத்திவிடுங்கள். 'வேலை நல்லா போகுதும்மா, சாயங்காலம்தான் கொஞ்சம் வெறிச்சுன்னு இருக்கு' என்று ஒரு வரி. உடனே பதறி 'கிளம்பி வந்துடு' என்பார்கள் என்று பயமா? சொல்லட்டும். 'வர மாட்டேன், சொல்லணும்னு தோணிச்சு' என்று சொல்லுங்கள். உங்கள் குரலைக் கேட்டே அவருக்கு இது எப்போதோ தெரிந்திருக்கும் என்பது என் ஊகம்.

சரி, வேலையை விடலாமா? இந்த ஊரில் உங்களுக்கு இரண்டே இரண்டு நல்ல நண்பர்கள் இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பீர்களா? கடிதம் முழுக்க வேலையைப் பற்றி ஒரு குறைகூட இல்லை. 'போராடி வாங்கிய வேலை' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் குறை இருக்கும் இடம் வேறு, நீங்கள் வெட்டப் பார்க்கும் இடம் வேறு. இன்னும் ஆறு மாதத்துக்கு ராஜினாமா யோசனையைத் தள்ளி வையுங்கள். அதற்கு அப்புறமும் இதே மனநிலை இருந்தால் வீட்டுக்குத் திரும்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காய்ச்சல் விட்ட வாரத்தில் மட்டும் அதை முடிவு செய்யாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரமும் விடாமல் இருந்தால், தூக்கமும் பசியும் கெட்டால், பிடித்த வேலையும் பிடிக்காமல் போனால், இது தனிமையைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே எதற்கு என்ற நினைப்பு எட்டிப் பார்த்தால் அன்றைக்கே பாருங்கள், கூடவே வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, தனியாக வந்திருக்கும் பெண் என்று தெரிந்ததும் ஒரே வாரத்தில் 'உனக்கு நான் இருக்கிறேன்' என்று ஒட்டிக்கொள்பவர்களிடம், அதிலும் உடனே கைமாற்று கேட்பவர்களிடம், கொஞ்சம் தள்ளியே இருங்கள். நல்ல நட்புக்கு அத்தனை அவசரம் இருக்காது.

அப்புறம் அந்தப் படிவம். அதைத் திரும்ப வாங்கி நிரப்பிக் கொடுங்கள். அந்தக் கட்டம் உயிர்த்தோழியின் பெயரைக் கேட்கவில்லை. உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் போனை எடுத்து, வந்து பார்க்கக்கூடிய ஒருவரைத்தான் கேட்கிறது. அந்த அக்காவிடமே போய், 'இந்த ஊர்ல எனக்கு யாரும் இல்லக்கா, உங்க நம்பரைக் கொடுக்கலாமா?' என்று கேளுங்கள். கேட்க வாய் வராது என்று தெரியும். அந்த அறையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னிடம் யாராவது இப்படி வந்து கேட்டிருந்தால், அன்று முழுக்க நான் சந்தோஷமாக இருந்திருப்பேன்.

அதற்கு முன்னால் சனிக்கிழமை இருக்கிறது. மூன்றாம் முறை அவர் கேட்க மாட்டார், இந்த முறை நீங்கள்தான் கேட்க வேண்டும். நீளமாக எழுதி, மன்னிப்புக் கேட்டு, அழித்து அழித்து எழுத வேண்டாம். 'அக்கா, சனிக்கிழமை நடக்கப் போறீங்களா? நானும் வரேன். எத்தனை மணிக்கு?' இது போதும். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, போய் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள்.